கடிகாரம் 'நலம்' என்கிறது. பிறகு ஏன் பரிசோதனை?
நெடுந்தூர டிரையத்லான் பயிற்சியில் உடற்தகுதியை அறியும் முறைகள்

"கையில் கட்டியிருக்கும் கடிகாரம் என் உடற்தகுதி மிகச் சிறப்பு என்று காட்டுகிறது. பிறகு எதற்காக மருத்துவரைப் பார்க்க வேண்டும்?" நெடுந்தூர டிரையத்லானுக்குப் பயிற்சி பெறுவோர் எங்களிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. பெரும்பாலும் அவர்களை அழைத்து வருபவர் மனைவியோ, கணவரோ, மகளோதான். இருவருக்கும் பயன்படும் வகையில் இக்கேள்விக்கு இங்கே விளக்கம் தருகிறோம்.

நீச்சல், மிதிவண்டி, ஓட்டம் ஆகிய மூன்றையும் அடுத்தடுத்துச் செய்து முடிக்கும் போட்டியே டிரையத்லான். இதன் நெடுந்தூர வடிவமான 'அயர்ன்மேன்' போட்டி 1978-ஆம் ஆண்டு ஹவாய்த் தீவுகளில் முதன்முதலாக நடந்தது. அன்று 15 பேர் புறப்பட்டு 12 பேர் முடித்தனர். தூரம் இன்றும் அதேதான்: ஏறத்தாழ 3.8 கி.மீ. நீச்சல், 180 கி.மீ. மிதிவண்டி, 42.2 கி.மீ. ஓட்டம். இதில் பாதித் தூரம் கொண்ட போட்டி கோவாவில் நடத்தப்படுவதால், நம்மவர்களிடமும் இவ்விளையாட்டில் ஆர்வம் பெருகியுள்ளது.

தகுதி வேறு, நோயின்மை வேறு

உடல் எவ்வளவு உழைப்பைத் தாங்கும் என்பது ஒரு கேள்வி. இதயத்திலும் இரத்தக்குழாய்களிலும் நோய் உள்ளதா என்பது மற்றொரு கேள்வி. முதலாவதை வீட்டிலேயே ஓரளவு அளந்து அறியலாம். இரண்டாவதற்குக் கடிகாரம் விடை தராது. நூறு கிலோமீட்டர் மிதிவண்டி ஓட்டுபவரின் இதயத் தமனியிலும் கொழுப்புப் படிவு இருக்கக்கூடும்.

அமெரிக்காவில் 1985 முதல் 2016 வரை நடந்த டிரையத்லான் போட்டிகளை ஆராய்ந்த மருத்துவர்கள், 135 திடீர் இறப்புகளையும் இதயநிறுத்தங்களையும் பதிவு செய்தனர். விபத்து இறப்புகளும் இக்கணக்கில் அடங்கும். இவற்றுள் 90 நிகழ்வுகள் நீச்சலின்போது நேர்ந்தவை. பாதிக்கப்பட்டோரில் பெரும்பாலோர் ஆண்கள். சராசரி வயது 47-ஐ ஒட்டியது. உடற்கூறாய்வு முடிவுகள் கிடைத்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இதய, இரத்தக்குழாய்க் கோளாறுகள் இருந்தன. பங்கேற்றோர் எண்ணிக்கையோடு ஒப்பிட்டால் இது மிகச் சிறிய அளவே. அஞ்சி விலக வேண்டியதில்லை. ஆனால், முன்கூட்டிய பரிசோதனையை ஏன் வற்புறுத்துகிறோம் என்பது இதனால் விளங்கும்.

வீட்டில் செய்யக்கூடிய நான்கு அளவீடுகள்

1. காலை நாடித்துடிப்பு: விழித்தவுடன், படுக்கையிலிருந்து எழும் முன் ஒரு நிமிடம் எண்ணிக் குறித்து வையுங்கள். ஓய்வில் 60 முதல் 100 வரை இயல்பு. தொடர் பயிற்சி உள்ளவர்களுக்கு 60-க்குக் கீழேயும் இருக்கலாம். உங்கள் வழக்கமான எண்ணைவிடச் சில நாள்கள் தொடர்ந்து கூடுதலாக இருந்தால், உறக்கக்குறைவு, காய்ச்சலின் தொடக்கம், மிகைப்பயிற்சி ஆகியவற்றுள் ஒன்று காரணமாக இருக்கலாம். அன்று ஓய்வே நல்லது.

2. பேச்சுச் சோதனை: ஓடும்போது முழு வாக்கியமாகப் பேச முடிந்தால் அது மிதமான உழைப்பு. இரண்டு மூன்று சொற்களுக்கு மேல் பேச இயலாவிட்டால் அது கடும் உழைப்பு. நெடுந்தூரப் பயிற்சியின் பெரும்பகுதி பேச முடிகிற வேகத்திலேயே அமைய வேண்டும்.

3. ஒரே பாதை, ஒரே நாடி: மாதம் ஒருமுறை அதே பாதையில், அதே வேளையில், அதே நாடித்துடிப்பில் ஓடி, ஆகும் நேரத்தைக் குறியுங்கள். நேரம் குறைந்து வந்தால் தகுதி உயர்கிறது. வெயிலிலும் புழுக்கத்திலும் நாடி தானாகவே உயரும் என்பதால் காலநிலையையும் சேர்த்துக் குறிப்பது அவசியம்.

4. எடை: நீண்ட பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். 2 விழுக்காட்டுக்கு மேல் குறைந்தால் நீரிழப்பு மிகுதி. எடை கூடியிருந்தால் தேவைக்கு மேல் நீர் அருந்தியுள்ளீர்கள். இதனால் இரத்தத்தில் சோடியம் குறைந்து தலைவலி, குழப்பம், வலிப்பு வரை செல்லலாம்.

எண்களின் எல்லை

220-இலிருந்து வயதைக் கழித்து உச்ச நாடித்துடிப்பைக் கணக்கிடுவது வழக்கம். இது சராசரி மட்டுமே. ஒருவருக்குப் பத்துப் பன்னிரண்டு துடிப்புகள் கூடவோ குறையவோ செய்யலாம். பீட்டா பிளாக்கர் மாத்திரை உட்கொள்வோருக்கு இக்கணக்கு பொருந்தாது. கடிகாரம் காட்டும் ஆக்சிஜன் பயன்பாட்டு அளவும் மதிப்பீடே. முகக்கவசம் அணிந்து, மூச்சுக்காற்றை அளந்து செய்யும் பரிசோதனையே அதனைத் துல்லியமாகக் காட்டும்.

நாற்பதைக் கடந்தவர்கள், நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம், மிகை கொழுப்பு உள்ளவர்கள், புகைப்பழக்கம் உடையவர்கள், குடும்பத்தில் இளவயது மாரடைப்போ திடீர் இறப்போ நேர்ந்தவர்கள், கடும் பயிற்சிக்கு முன் மருத்துவரைக் காண வேண்டும். ஈ.சி.ஜி., எக்கோ, டிரெட்மில் பரிசோதனை ஆகியவற்றுள் தேவையானதை அவர் முடிவு செய்வார். டிரெட்மில் முடிவு இயல்பாக இருந்தாலும் சிறு படிவுகள் அதில் புலப்படாமல் போகலாம். ஆகவே, பரிசோதனைக்குப் பின் தோன்றும் அறிகுறிகளையும் புறக்கணிக்கலாகாது.

உடனே நிறுத்த வேண்டிய தருணங்கள்

நெஞ்சில் இறுக்கம், தாடைக்கோ இடக்கைக்கோ பரவும் வலி, மயக்கம், ஒழுங்கற்ற படபடப்பு, வழக்கத்துக்கு மாறான மூச்சுத்திணறல், நீந்தும்போது இருமலுடன் நுரையோ இரத்தமோ வருதல் ஆகியவற்றுள் எது தோன்றினாலும் பயிற்சியை நிறுத்தி உடனே 108-ஐ அழையுங்கள். காய்ச்சல் உள்ள நாள்களில் பயிற்சி வேண்டாம். இதயத்தசை அழற்சி ஏற்படும் வாய்ப்பு உண்டு.

குடும்பத்தினர்க்கு ஒரு வேண்டுகோள்

உறக்கம் கெடுதல், எரிச்சல், பசியின்மை, அடிக்கடி சளி பிடித்தல் ஆகிய மாற்றங்களைப் பயிற்சி எடுப்பவருக்கு முன்பே நீங்கள் கண்டுகொள்வீர்கள். அவற்றைத் தயங்காமல் சொல்லுங்கள். எவரையும் தனியாக நீந்த விடாதீர்கள். நெஞ்சழுத்த முதலுதவியை வீட்டில் ஒருவரேனும் கற்றிருப்பது நல்லது. அடுத்த முறை மருத்துவமனைக்கு வரும்போது, காலை நாடித்துடிப்பும் எடையும் எழுதிய குறிப்பேட்டை உடன் கொண்டு வாருங்கள். அதனைப் பார்த்து, எந்த அளவுக்குப் பயிற்சியைக் கூட்டலாம் என்பதை நாம் சேர்ந்தே முடிவு செய்யலாம்.