நடைபாதைகளை மறைக்கும் முட்செடிகளும் அவற்றை ஒழிக்கும் முறையும்

திண்டுக்கல் நகரைச் சூழ்ந்த சமவெளிக் கிராமங்களில், ஊரினின்று வயலுக்கும் சந்தைச் சாலைக்கும் செல்லும் நடைபாதைகள் குடியானவர்க்கு இன்றியமையாதவை. நிலக்கோட்டைப் பகுதியில் மல்லிகை பறிப்போர் பொழுது புலருமுன்னரே இப்பாதைகளில் செல்கின்றனர். பள்ளிச் சிறுவரும், தலைச்சுமையுடன் அந்தியில் வீடு திரும்பும் பெண்டிரும் இவற்றையே நம்பியிருக்கின்றனர். ஆயினும் வடகிழக்குப் பருவமழை பெய்த சில வாரங்களில் இருபுறத்துச் செடிகளும் அடர்ந்து, பாதை ஓர் ஆள் செல்லும் அளவாகக் குறுகிவிடுகின்றது.

இதனால் நேரும் தீங்குகள் பல. கால் வைக்குமிடம் தெரியாத புதரில் கண்ணாடி விரியன் முதலிய விஷப்பாம்புகள் மறைந்திருக்கும். சாலை வளைவுகளில் வளர்ந்த செடிகள் எதிர்வரும் வண்டியை மறைக்கும். சாலையோரம் அடைபட்டால் நடப்போர் வண்டிகள் செல்லும் தளத்திலேயே இறங்க நேரும். தைப்பூசத்தை முன்னிட்டுத் திண்டுக்கல், ஒட்டன்சத்திரம் வழியே பழனிக்கு இரவிலும் நடந்து செல்லும் அடியார்கள் பெருந்தொகையினராதலால், மழைக்குப் பிந்திய அக்காலத்தில் இவ்வபாயம் மிகுதியாகும்.

முற்காலத்தில் சப்பாத்திக்கள்ளியே இவ்வாறு பாதைகளை அடைத்துக்கொண்டிருந்தது. 1926-ஆம் ஆண்டில் இலங்கையினின்று கொணரப்பட்ட ஒருவகைக் கொச்சினீல் பூச்சி அதன் சாற்றை உறிஞ்சிச் சில ஆண்டுகளில் தென்னாட்டில் பெரும்பகுதியை அழித்தது. இப்போது அவ்விடத்தைப் பிடித்திருப்பது சீமைக் கருவேலமாகும். அமெரிக்கக் கண்டத்திற்குரிய இம்மரத்தின் விதைகள் 1877-ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்திற்கு வருவிக்கப்பட்டன. கள்ளியை ஒழித்ததுபோல இதனை அடியோடு ஒழிக்கும் பூச்சி இங்கு இல்லை. ஆதலால் மனிதர் கையே இதற்கு மருந்து.

இம்மரத்தை மேலாக வெட்டுவதனால் பயனில்லை. அடிக்கட்டையினின்று பல கிளைகள் வெடித்து முன்னினும் அடர்த்தியாகும். மழையால் மண் இளகியிருக்கும்போது இளஞ்செடிகளை வேரோடு பிடுங்க வேண்டும். முதிர்ந்தவற்றைச் சுற்றி ஏறக்குறைய ஓரடி ஆழம் தோண்டி, வேர்க்கழுத்துடன் எடுத்தல் வேண்டும். வெட்டிய முள்ளைப் பாதையில் போடாது, அன்றே அகற்றி விறகுக்கோ கரிக்கோ பயன்படுத்தலாம். ஆடுமாடுகள் இதன் நெற்றுகளைத் தின்று சாணத்தின் வழியாக விதையைப் பரப்புமாதலால், நெற்றுகள் உதிருமுன் மரத்தை எடுத்துவிடுதல் நலம்.

பாதையோரத்தில் வளரும் பார்த்தீனியம் தோலில் அரிப்பையும், சிலர்க்கு மூச்சுத்திணறலையும் உண்டாக்கும். பூக்குமுன் கையுறை அணிந்து இதனைப் பிடுங்க வேண்டும். பயிரில்லாத இடங்களில் ஒரு லிட்டர் நீருக்கு 200 கிராம் சமையலுப்பைக் கரைத்துச் செடி நனையத் தெளிப்பதும் உண்டு. பயிர் நிலத்தில் இம்முறை கூடாது. உப்பு மண்ணைக் கெடுக்கும்.

நிலமுடையோர் தம் வேலியின் கிளுவையும் கள்ளியும் பாதைக்குள் நீளாதபடி புரட்டாசியில் ஒருமுறையும், மழை ஓய்ந்த மார்கழி இறுதியில் ஒருமுறையும் கழித்துவிடல் வேண்டும். பாதையின் எல்லையைப் பற்றி ஐயம் எழுந்தால் கிராம நிர்வாக அலுவலரிடமுள்ள வரைபடத்தைப் பார்த்துத் தெளியலாம். பாதைப் புறம்போக்கை வேலியிட்டு வளைத்துக்கொள்வது 1905-ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டத்தின்படி நடவடிக்கைக்குரியது. 1994-ஆம் ஆண்டின் ஊராட்சிகள் சட்டம் கிராமச் சாலைகளைப் பேணும் கடமையை ஊராட்சிக்கு விதித்திருக்கின்றது. எனினும் ஊராட்சியின் ஆட்கள் வரும்வரை காத்திராது, ஒவ்வொருவரும் தம் நிலத்தை ஒட்டிய பாதையைத் தாமே செம்மை செய்வரேல், வேலை சில நாழிகையில் முடியும். பாம்புக்கடிக்கு மருத்துவமனை தேடி ஓடுவதினும் இஃது எளிது என்பதைக் குடியானவர்கள் உணர்வார்களாக.