ஸ்போர்ட் டூரரின் தேய்பிறை

ஹோண்டாவின் எஸ்டி 1100 பைக்கின் இரு பக்கத்திலும், ஓட்டுபவரின் முழங்காலுக்குச் சற்று முன்னால், பிளாஸ்டிக் மூடி போட்ட ஒரு புடைப்பு இருக்கும். உள்ளே இரும்புக் கம்பி. டேங்க்கை நிரப்பி, பக்கப் பெட்டிகளில் சாமான் ஏற்றிய வண்டி, பெட்ரோல் பங்க் வாசலில் கால் வழுக்கிச் சாய்ந்தால் அந்தப் புடைப்புதான் முதலில் தரையில் படும். ஃபேரிங் தப்பிவிடும். ஓட்டியவரின் மானம் மட்டும் கொஞ்சம் போகும். எல்லாம் ஏற்றினால் 300 கிலோவைத் தாண்டுகிற வண்டி என்றைக்காவது ஒருநாள் சாயத்தான் செய்யும் என்று தெரிந்தே வடிவமைத்திருக்கிறார்கள்.

1990-இல் வந்த இந்த வண்டிக்கு ஐரோப்பாவில் 'பான் ஐரோப்பியன்' என்று பெயர். நீளவாக்கில் வைத்த வி-4 இன்ஜின், 1,084 சிசி, ஏறத்தாழ 100 குதிரைத்திறன். செயின் கிடையாது, ஷாஃப்ட் டிரைவ். டேங்க் கொள்ளளவு 28 லிட்டர். காலையில் நிரப்பிக்கொண்டு கிளம்பினால் மதியச் சாப்பாடு வரை பங்க் பக்கம் திரும்ப வேண்டாம். பிரிட்டிஷ் போலீஸாரும் லண்டன் கூரியர்காரர்களும் இதை விரும்பி ஓட்டினார்கள். நாளெல்லாம் வண்டியிலேயே குடியிருப்பவர்கள் கொடுத்த சான்றிதழ் அது.

வேகமும் வேண்டும், மூட்டை முடிச்சும் வேண்டும், பின்சீட்டில் மனைவியும் முதுகு வலிக்காமல் வர வேண்டும் என்று கேட்பவருக்காகப் பிறந்த ரகம் ஸ்போர்ட் டூரர். பிஎம்டபிள்யூ 1976-இல் இறக்கிய ஆர் 100 ஆர்எஸ்ஸைத்தான் பலரும் இதற்கு மூத்த பிள்ளை என்பார்கள். ஹான்ஸ் முத் வரைந்த அதன் முழு ஃபேரிங், இத்தாலியில் பினின்ஃபரினாவின் காற்றுச் சுரங்கத்தில் வைத்துச் செதுக்கப்பட்டது. காற்றைக் கிழிப்பதோடு, மழையும் குளிரும் ஓட்டுபவரின் முழங்காலிலும் நெஞ்சிலும் அறையாமல் பார்த்துக்கொண்டது. அதன் பிறகு வரிசைகட்டி வந்தார்கள்: யமஹா எஃப்ஜே 1100, கவாஸாகி 1000 ஜிடிஆர், டுகாட்டி எஸ்டி 2, டிரையம்ப் ஸ்பிரின்ட் எஸ்டி. 2001-இல் யமஹா எஃப்ஜேஆர் 1300 வந்தது; பின்னர் அமெரிக்கர்கள் அதை வாங்க முன்பணம் கட்டிப் பதிவு செய்துவிட்டுக் காத்திருந்தார்கள்.

இன்று அந்தப் பட்டியலில் பெரும்பாலும் பழைய வண்டிச் சந்தைக்குப் போய்விட்ட பெயர்கள்தான். டுகாட்டியின் எஸ்டி வரிசை 2007-லேயே முடிந்தது. 2002-இல் வந்த ஹோண்டா எஸ்டி 1300-க்கு வாரிசே பிறக்கவில்லை. எஃப்ஜேஆருக்கு ஐரோப்பாவில் 2020-இல் கடைசிப் பதிப்பு போட்டு வழியனுப்பினார்கள். கவாஸாகியின் கான்கோர்ஸ் 14 அமெரிக்காவில் 2022 மாடலோடு நின்றது.

வென்றது யார் என்பதில் ஒளிவுமறைவு இல்லை. பாலைவனத்துக்கும் பள்ளத்தாக்குக்கும் என்று சொல்லி விற்கப்படும் அட்வென்சர் பைக்குகள். அந்தக் குடும்பத்தின் தாத்தாவான பிஎம்டபிள்யூ ஆர் 80 ஜி/எஸ் 1980-இல் வந்தது. அடுத்த ஆண்டே ஹூபர்ட் ஓரியோல் அதே குலத்து வண்டியில் பாரிஸ்-டக்கார் பந்தயத்தை ஜெயித்தார். ஆனாலும் நெடுநாள் அது ஒரு சிறு கூட்டத்தின் வண்டியாகவே இருந்தது. 2004-இல் நடிகர் யூவன் மெக்ரெகரும் அவருடைய நண்பர் சார்லி பூர்மனும் ஆர் 1150 ஜிஎஸ் அட்வென்சரில் லண்டனிலிருந்து கிழக்கு நோக்கிக் கிளம்பி நியூயார்க் போய்ச் சேர்ந்தார்கள். முதலில் கேடிஎம்மிடம் வண்டி கேட்டு, அவர்கள் கைவிரித்த பிறகுதான் பிஎம்டபிள்யூ. 'லாங் வே ரவுண்ட்' என்ற அந்தத் தொலைக்காட்சித் தொடர் செய்த விளம்பரத்தை எந்த ஏஜென்சியும் செய்திருக்க முடியாது. பாக்ஸர் இன்ஜின் ஜிஎஸ்ஸின் பத்து லட்சமாவது வண்டி 2023-இல் பெர்லின் ஆலையை விட்டு வெளியே வந்தது.

மங்கோலியா போகும் கனவில் வாங்கி மளிகைக் கடைக்கு ஓட்டுகிறார்கள் என்று கேலி செய்வது எளிது. ஸ்போர்ட் டூரர் ரசிகர்கள் இருபது வருடமாக இதைத்தான் செய்துகொண்டிருக்கிறார்கள். எனக்கு இந்தக் கேலியில் பாதிக்கு மேல் உடன்பாடில்லை. காரணம், முழங்கால்.

ஸ்போர்ட் டூரரில் உட்கார்ந்தால் உடம்பு முன்னால் சாயும், முழங்கால் மடிந்து ஃபுட்பெக் பின்னால் போகும். நூற்று நாற்பதில் போகும்போது எதிர்க்காற்று நெஞ்சைத் தாங்கிக்கொள்வதால் மணிக்கட்டுக்குப் பாரம் தெரியாது. அறுபதில் போகும்போது அந்தப் பாரம் முழுக்க மணிக்கட்டில் இறங்கும். அட்வென்சர் பைக்கில் நாற்காலியில் உட்காருவதுபோல் நிமிர்ந்து உட்காரலாம்; அகலமான ஹேண்டில்பார், நீட்டிய கால். அமெரிக்க மோட்டார் சைக்கிள் தொழில் சங்கத்தின் கணக்குப்படி அங்கே பைக் வைத்திருப்பவர்களின் இடைநிலை வயது 2014-இல் 47, 2018-இல் 50. அந்த வயதில் எந்த நிலையில் உட்காருவது என்பதை மூட்டு முடிவு செய்கிறது, முகத்தில் அடிக்கிற காற்று அல்ல. சீட் உயரம் மட்டும் எதிர்ப்பக்கம் வாதாடுகிறது. குட்டையானவர்கள் ஜிஎஸ் மேல் ஏறி இறங்குவதைப் பார்த்தால் பாவமாக இருக்கும்.

தொழிற்சாலைக் கணக்கு இதைவிடக் கறாரானது. எஸ்டி 1100-இன் வி-4 இன்ஜின் அந்த வண்டிக்கென்றே பிறந்தது. இப்படி ஒற்றை மாடலுக்கு ஓர் இன்ஜினை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு முறை புகை விதி இறுகும்போதும் அதைப் புதுப்பிக்க வேண்டும் என்றால், விற்பனை அதற்குத் தோள் கொடுக்க வேண்டும். ஐரோப்பாவில் யூரோ 5 விதி 2020-இல் புது மாடல்களுக்கும், 2021-இல் எல்லா வண்டிகளுக்கும் வந்தபோது எஃப்ஜேஆர் அந்த வாசலில்தான் நின்றுபோனது. அதே யமஹா, எம்டி-09-இன் மூன்று சிலிண்டர் இன்ஜினை ஒருமுறை திருத்தி, அதை நேக்கட் பைக்கிலும், ரெட்ரோ பைக்கிலும், டிரேசர் என்ற டூரரிலும் போட்டுச் செலவைப் பங்கிட்டுக்கொண்டது.

சாலையும் மாறிவிட்டது. அளவுகடந்த வேகத்தில் நாடு விட்டு நாடு போவதற்கென்றே செய்த வண்டி இது. பிரான்ஸ் 2003-இல் தானியங்கி வேகக் கேமராக்களை நடத் தொடங்கியது. ஐரோப்பாவின் பெரும்பகுதியில் இன்று வேகத்துக்குக் கடிவாளம் உண்டு. இருநூறைத் தொடும் வண்டியில் நூற்று முப்பதைத் தாண்டாமல் போக வேண்டும் என்றால், அந்த வேகத்துக்கு நிமிர்ந்து உட்காரும் வண்டியே போதுமே.

ரகம் அடியோடு அழிந்துவிட்டதா என்றால், இல்லை. வேறு சட்டை போட்டுக்கொண்டு வந்திருக்கிறது. ஹோண்டா 2021-இல் அறிவித்த என்டி 1100-ஐப் பாருங்கள். இன்ஜின், ஆஃப்ரிகா ட்வின் என்ற அட்வென்சர் பைக்கிலிருந்து எடுத்தது. கொள்ளளவு, அதிசயமாக, எஸ்டி 1100-இன் அதே 1,084 சிசி; குதிரைத்திறனும் கிட்டத்தட்ட அதே 100. நிமிர்ந்த இருக்கை, உயர்ந்த விண்ட்ஷீல்டு, பக்கப் பெட்டி. ஆனால் இரண்டு சக்கரமும் 17 இன்ச், தார்ச்சாலைக்கு மட்டுமே ஆன டயர். எடை 238 கிலோ. மூத்தவரைவிட அறுபது கிலோவுக்கு மேல் இளைத்திருக்கிறார். இழப்பு ஒன்று உண்டு: ஷாஃப்ட் போய்ச் செயின் வந்துவிட்டது. நாலு நாள் மழையில் ஓட்டிவிட்டு, இரவு லாட்ஜ் வாசலில் குந்தி உட்கார்ந்து செயினுக்கு லூப் அடிப்பவர் அந்த ஒரு விஷயத்துக்காகவாவது பழையதை நினைத்துக்கொள்வார்.

நம் ஊரில் இதே கதை சின்ன சைஸில் நடந்தது. 2003-இல் வந்த ஹீரோ ஹோண்டா கரிஸ்மா, 2011-இல் வந்த ஹோண்டா சிபிஆர் 250 ஆர். பின்னால் ஒரு பையைக் கட்டிக்கொண்டு லடாக் வரை போன தலைமுறைக்கு இவைதான் டூரர். சிபிஆர் 250 ஆர், 2020-இல் பிஎஸ் 6 புகை விதி வந்ததோடு விடைபெற்றது. அதற்குள் 2016-இல் ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் வந்து, 'டூர்' என்றாலே மனதில் தோன்றும் படத்தை மாற்றிவிட்டிருந்தது. ஹிமாலயன் நம் சென்னையை ஒட்டிய ஆலையில் தயாராகிறது. பிஎம்டபிள்யூ ஜி 310 ஜிஎஸ் ஓசூர் டிவிஎஸ் ஆலையிலிருந்து வந்தது. ஸ்போர்ட் டூரரை ஓரங்கட்டிய ரகத்தில் தமிழ்நாட்டுக் கைவேலையும் கொஞ்சம் இருக்கிறது.

இங்கே அட்வென்சர் பைக் வாங்குபவரைக் கனவுக்காரர் என்று சொல்ல முடியாது. சுஸுகியை எடுத்துக்கொள்வோம். ஜிக்ஸர் எஸ்எஃப் 250, வி-ஸ்ட்ராம் எஸ்எக்ஸ் இரண்டுக்கும் ஒரே 249 சிசி இன்ஜின். முதலாவதன் கிரவுண்ட் கிளியரன்ஸ் 165 மிமீ, அடுத்தது 205. பெயின்ட் அடிக்காத ஸ்பீடு பிரேக்கரும், குழாய் பதித்துவிட்டு அரைகுறையாக மூடிய பள்ளமும் நிறைந்த ஊரில் அந்த 40 மில்லிமீட்டருக்கு இருக்கும் மதிப்பு மெக்கானிக்கைக் கேட்டால் தெரியும்.

இதெல்லாம் போதாதென்று, ஸ்போர்ட் டூரருக்கு ஏற்ற சாலைகள் இந்தியாவில் பைக்குக்கே மூடப்பட்டு வருகின்றன. மும்பை-புனே எக்ஸ்பிரஸ்வேயில் இரு சக்கர வாகனங்களுக்கு அனுமதியில்லை. பெங்களூரு-மைசூரு நெடுஞ்சாலையின் பிரதானப் பாதையில் 2023 ஆகஸ்ட் 1 முதல் தடை. வழவழப்பான ஆறு வழிச் சாலை காருக்கு. பக்கத்தில் குண்டும் குழியுமான சர்வீஸ் ரோடு பைக்குக்கு. அந்த சர்வீஸ் ரோட்டில் போக எந்த வண்டி வாங்குவது என்று கேட்டால், நானும் வி-ஸ்ட்ராமைத்தான் காட்டுவேன். கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளுக்கு மட்டும் என்றால், 17 இன்ச் முன்சக்கரத்துக்காக ஜிக்ஸர் எஸ்எஃப் சாவியைக் கேட்பேன்.