ஜோடியாகப் போகும் ‘ஆடையில்லா ஹாலிடே’: வெளிநாட்டில் வருஷம் முழுக்க சீசன்... தாமிரபரணிக் கரையில் சட்டம் என்ன சொல்கிறது?

ஆனி, ஆடி வந்தால் குற்றாலச் சாரல். ஆடி அமாவாசைக்கு காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயில். சித்திரை விஷுவுக்கு பாபநாசம். நடுவில் லீவு கிடைத்தால் மணிமுத்தாறு அருவி, அகஸ்தியர் அருவி. நெல்லைக்காரர்களின் வருஷத்தை காலண்டரை வைத்துச் சொல்வதைவிட, எந்த மாசம் எந்தத் தண்ணியில் குளித்தார்கள் என்பதை வைத்துச் சொல்லிவிடலாம். கல்யாணமான புதுசில் ஜோடியாக அருவிக்குப் போவதும் இதில் சேர்த்தி.

ஐரோப்பாவில் சில ஜோடிகளும் இப்படித்தான் வருஷத்தைப் பிரித்து வைத்திருக்கிறார்கள். கோடைக்கு குரோஷியா அல்லது பிரான்ஸ் கடற்கரை. குளிர்காலத்துக்கு ஸ்பெயினின் கேனரி தீவுகள். இடைப்பட்ட மாதங்களில் உள்ளூர் நீச்சல் குளம், சானா. ஒரே வித்தியாசம், இந்த எல்லா இடத்திலும் அவர்கள் உடம்பில் ஒரு நூல்கூட இருக்காது. இதற்குப் பெயர் நேச்சுரிஸம்.

‘என்னல கூத்து இது’ என்று சிரித்துவிட்டுப் போய்விடலாம்தான். ஆனால் வெளிநாட்டு டூர் போகிற, வெளிநாட்டில் வேலை பார்க்கிற தமிழ் ஜோடிகள் அதிகமாகிவிட்ட காலம் இது. ஜெர்மனியில் சானாவுக்குள் நீச்சல் உடையோடு போய், கழற்றச் சொன்னதும் முழித்த அனுபவம் நிறையப் பேருக்கு உண்டு. எங்கே எது சட்டப்படி சரி, எது ஜெயில் வரை போகும் என்பதைத் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

நேச்சுரிஸம்னா என்ன?

செக்ஸுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்பதுதான் நேச்சுரிஸ்ட்கள் முதலில் சொல்வது. இயற்கையோடு ஒட்டி, கூட்டாக, உடையில்லாமல் இருப்பது. தன் உடம்பையும் அடுத்தவர் உடம்பையும் சுற்றுச்சூழலையும் மதிப்பது. சர்வதேச நேச்சுரிஸ்ட் கூட்டமைப்பு 1974-ல் ஏற்றுக்கொண்ட விளக்கத்தின் சாரம் இதுதான்.

இன்றைய ‘நேச்சுரிஸ்ட் ஹாலிடே’வுக்கு அடித்தளம் போட்டதே ஒரு ஜோடிதான். பிரான்ஸைச் சேர்ந்த ஆல்பர்ட் லெகோக், அவர் மனைவி கிறிஸ்டியான். அட்லாண்டிக் கடலோரத்தில் மொந்தாலிவே என்ற இடத்தில் 1950-ல் இவர்கள் தொடங்கிய விடுமுறை மையம் இன்றும் இயங்குகிறது. சர்வதேசக் கூட்டமைப்பு 1953-ல் உருவானதும் அதே மொந்தாலிவேயில்தான். கிறிஸ்டியான் 103 வயது வரை வாழ்ந்து 2014-ல் இறந்தார். குரோஷியாவின் கோவர்சாடா ரிசார்ட் 1961-ல் வந்தது. அப்போது அது கம்யூனிஸ்ட் யூகோஸ்லாவியா. டூரிஸ்ட்கள் கொண்டுவரும் அந்நியச் செலாவணிக்கு முன்னால் கொள்கை கொஞ்சம் வளைந்து கொடுத்தது போல.

உள்ளே ரூல்ஸ் ரொம்ப கறார். எங்கே உட்கார்ந்தாலும் சொந்தத் துண்டை விரித்துத்தான் உட்கார வேண்டும். அனுமதி இல்லாமல் கேமராவை எடுக்கக் கூடாது. முறைத்துப் பார்த்தால் வெளியே அனுப்பிவிடுவார்கள். தனியாக வரும் ஆண்களுக்குக் கட்டுப்பாடு வைத்து, ஜோடிகளுக்கும் குடும்பங்களுக்கும் முன்னுரிமை தரும் இடங்களும் உண்டு. அமெரிக்காவில் கப்பலையே வாடகைக்கு எடுத்து ஆடையில்லா க்ரூஸ் நடத்துகிறார்கள். அதிலும் டைனிங் ஹாலுக்குள் உடுத்திக்கொண்டுதான் போக வேண்டும், கப்பல் துறைமுகத்தில் நிற்கும்போதும் உடை கட்டாயம்.

முதல் கிளப் இந்தியாவிலா?

ஆமாம். உலகில் பதிவாகியுள்ள முதல் நேச்சுரிஸ்ட் சங்கம் தொடங்கியது ஐரோப்பாவில் இல்லை, மும்பைக்குப் பக்கத்தில் உள்ள தானேயில். ஆண்டு 1891. தொடங்கியவர் சார்லஸ் எட்வர்ட் கார்டன் கிராஃபோர்ட். அவர் யாரோ ஊர்சுற்றி இல்லை, பிரிட்டிஷ் அரசின் மாவட்ட நீதிபதி! ‘ஃபெலோஷிப் ஆஃப் தி நேக்கட் டிரஸ்ட்’ என்று பெயர் வைத்தார். மொத்த உறுப்பினர்கள் மூன்றே பேர். மற்ற இருவரும் ஒரு மிஷனரியின் மகன்கள். கோட்டும் டையுமாக வியர்த்து வழிவதைவிட இந்த ஊர் வெயிலுக்கு உடையில்லாமல் இருப்பதே உடம்புக்கும் மனசுக்கும் நல்லது என்பது அவர் வாதம். இங்கிலாந்து எழுத்தாளர் எட்வர்ட் கார்பென்டருக்கு அவர் எழுதிய கடிதங்கள் மூலம்தான் இந்த விஷயமே வெளியே தெரியவந்தது. அவரை ரத்னகிரிக்கு மாற்றியதும் சங்கம் கலைந்துபோனது. 1894-ல் கிராஃபோர்டும் இறந்துவிட்டார்.

வெள்ளைக்காரத் துரைகள் இதை ‘கண்டுபிடிப்பதற்கு’ ஆயிரம் வருஷத்துக்கு முன்பே நம் பக்கத்தில் கல்லில் செதுக்கி வைத்திருக்கிறார்கள். கோவில்பட்டி பக்கம் கழுகுமலை சமணர் படுகைக்குப் போனவர்களுக்குத் தெரியும். 1986-ல் தூத்துக்குடி மாவட்டம் பிரியும் வரை இதுவும் நெல்லைச் சீமைதான். பாறை முழுக்க வரிசை வரிசையாகத் தீர்த்தங்கரர்கள். கொடி சுற்றிய உடம்போடு நிற்கும் பாகுபலி. திகம்பர மரபில் உடை என்பது துறக்க வேண்டிய கடைசி உடைமை. ஸ்கூல் டூரில் குழந்தைகளை அழைத்துப்போய்க் காட்டுகிறோம், யாரும் கண்ணை மூடிக்கொள்வதில்லை. ஆனால் ஒன்று, அது துறவு. ஹாலிடே இல்லை.

நம்ம ஊர் கதை வேற

குறுக்குத்துறை படித்துறையில் காலையில் போய் நின்றால் தெரியும். ஆண்கள் இடுப்பில் ஒரு துண்டு. வயசான பெண்கள் பாவாடையை மாரளவுக்கு ஏற்றிக் கட்டிக்கொண்டு முங்கி எழுந்து, ஈரத்தோடே அடுத்த சேலையைச் சுற்றி, ஒரு பொட்டு உடம்பு வெளியே தெரியாமல் மாற்றிவிடுவார்கள். அது ஒரு வித்தை. திருச்செந்தூர் கோயிலுக்குள் ஆண்கள் சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும். பாபநாசத்தில் பரிகாரம் முடித்து, உடுத்தியிருந்த துணியை ஆற்றோடு விட்டுவிடுகிறார்கள். அந்தத் துணி மூட்டைகளை அள்ளி மாளவில்லை என்பது தாமிரபரணியின் தனி சோகம். ஆக, உடம்பு தெரிவது நமக்குப் புதுசு இல்லை. எங்கே, யாருக்கு, எவ்வளவு என்பதற்குத்தான் எழுதாத விதிகள் நிறைய.

அந்த விதிகளை யார் எழுதினார்கள் என்று கேட்டால், கதை சிரிப்பை விட்டு வெளியே போய்விடும். நெல்லைக்குத் தெற்கே, அன்றைய தென் திருவிதாங்கூரில் நாடார் உள்ளிட்ட சாதிப் பெண்கள் மார்பை மறைக்க உரிமை இல்லாமல் இருந்தார்கள். மேல்சீலை போட்ட பெண்களின் துணி நடுச் சந்தையில் கிழிக்கப்பட்டது. பல பத்தாண்டுகள் நீடித்த தோள்சீலைப் போராட்டத்துக்குப் பிறகு, சென்னை ஆளுநர் ட்ரெவெல்யன் கொடுத்த அழுத்தத்தில், 1859 ஜூலை 26-ல்தான் திருவிதாங்கூர் மன்னர் அனுமதி அறிவித்தார். அதிலும்கூட, உயர்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது என்ற நிபந்தனை இருந்தது.

ஐரோப்பாவில் ஒரு பெண் உடையைக் களைவதை விடுதலை என்கிறார். இங்கே பாட்டியின் பாட்டிக்கு உடையை உடுத்துவதுதான் விடுதலையாக இருந்தது. நேச்சுரிஸம் பற்றி இந்த மண்ணில் பேசும்போது முகம் சுளிப்பவர்களை எல்லாம் ‘பழமைவாதி’ என்று ஒரே வார்த்தையில் ஒதுக்க முடியாததற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

சட்டம் என்ன சொல்லுது?

இந்தியாவில் ‘நிர்வாணம் குற்றம்’ என்று ஒற்றை வரியில் தனிச் சட்டம் இல்லை. பொது இடத்தில், பிறருக்குத் தொந்தரவு தரும் வகையில் ஆபாசச் செயல் செய்தால் குற்றம். பழைய ஐ.பி.சி. 294-வது பிரிவு, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா 296-வது பிரிவு. அதிகபட்சம் 3 மாதம் சிறை அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். போட்டோ எடுத்து நெட்டில் போட்டால் ஐ.டி. சட்டம் 67-வது பிரிவும் சேரலாம். முதல் முறைக்கே 3 வருஷம் வரை சிறை, 5 லட்சம் வரை அபராதம். அதாவது குளித்ததைவிட, அதைப் பதிவேற்றியதற்குத் தண்டனை பல மடங்கு.

இதற்கு நேரடி உதாரணம் ஒரு ஜோடியின் கோவா ட்ரிப். நடிகர், மாடல் மிலிந்த் சோமன் 2020 நவம்பரில் தன் 55-வது பிறந்தநாளுக்கு கடற்கரையில் உடையில்லாமல் ஓடினார். போட்டோ எடுத்தவர் மனைவி அங்கிதா கொன்வர். இன்ஸ்டாகிராமில் படம் வந்த சில நாட்களில் தெற்கு கோவா போலீஸ் மேலே சொன்ன இரண்டு பிரிவுகளிலும் வழக்குப் போட்டது. மிலிந்துக்கு இது பழக்கப்பட்ட ரூட். 1995-ல் மது சாப்ரேவும் அவரும் உடம்பில் மலைப்பாம்பு, காலில் ஷூ மட்டும் அணிந்து நடித்த விளம்பரத்துக்காகப் போட்ட வழக்கு, 14 வருஷம் இழுத்து 2009-ல் விடுதலையில் முடிந்தது. இங்கே தண்டனை தீர்ப்பில் இல்லை, வாய்தாவில் இருக்கிறது.

கோர்ட்டுகளின் பார்வை மெல்ல மாறியிருப்பதும் உண்மை. டென்னிஸ் வீரர் போரிஸ் பெக்கரும் அவரது வருங்கால மனைவி பார்பராவும் உடையில்லாமல் நின்ற படத்தை ஒரு இந்தியப் பத்திரிகை மறுபிரசுரம் செய்த வழக்கில், 2014-ல் உச்ச நீதிமன்றம், நிர்வாணப் படம் என்பதாலேயே அது ஆபாசம் ஆகிவிடாது என்றது. நிறவெறிக்கு எதிரான செய்தி அந்தப் படத்தில் இருந்ததைக் கணக்கில் எடுத்துக்கொண்டது. சமூகத்தின் இன்றைய அளவுகோலைப் பார்க்க வேண்டும் என்றது. 2023 ஜூனில் ரெஹானா ஃபாத்திமா வழக்கில் கேரள உயர் நீதிமன்றமும், நிர்வாணத்தையும் செக்ஸையும் எப்போதும் முடிச்சுப் போடக் கூடாது என்றது. ஆனால் இதெல்லாம் படம், கலை, கருத்து பற்றிய தீர்ப்புகள். ‘ஆற்றில் அப்படிக் குளிக்கலாம்’ என்று யாரும் லைசென்ஸ் கொடுக்கவில்லை.

வீட்டுக்குள்? நான்கு சுவருக்குள் இருப்பது பொது இடம் இல்லை, 296 அங்கே வராது. ஆனால் சிங்கப்பூரில் இருக்கும் சொந்தக்காரர்களுக்கு இதை ஃபார்வர்ட் செய்யலாம். அங்கே சொந்த வீட்டுக்குள் இருந்தாலும் வெளியில் இருப்பவர் கண்ணில் படும்படி உடையில்லாமல் நின்றால் குற்றம். 2,000 சிங்கப்பூர் டாலர் வரை அபராதம், 3 மாதம் வரை சிறை.

மலேசியாவில் 2015 மே மாதம் கினபாலு மலை உச்சியில் வெளிநாட்டுப் பயணிகள் சிலர் உடையைக் கழற்றி போட்டோ எடுத்தார்கள். சில நாளில் நிலநடுக்கம் வந்து மலையேறியவர்கள் இறந்தார்கள். மலையில் குடியிருக்கும் முன்னோர் ஆவிகள் கோபித்துக்கொண்டதாக உள்ளூர் மக்கள் கொதித்தார்கள். நான்கு பேருக்கு 3 நாள் சிறை, 5,000 ரிங்கிட் அபராதம். நிலநடுக்கத்துக்கும் போட்டோவுக்கும் சம்பந்தமில்லைதான். ஆனால் அகத்தியர் இருக்கிறார் என்று கும்பிடும் பொதிகை மலையடிவாரத்தில் இருப்பவர்களுக்கு, அந்தக் கோபம் எங்கிருந்து வந்தது என்று விளக்க வேண்டியதில்லை. தாமிரபரணியின் மேல்பகுதி களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம் வேறு. ‘ஆள் இல்லாத இடம்’ என்று நினைத்து உள்ளே போனால் வனச் சட்டமும் சேர்ந்துகொள்ளும்.

குளிக்கப் போகிறவர்களுக்கு உண்மையான ஆபத்து

நேச்சுரிஸ்ட் ரிசார்ட்டின் முதல் விதி கேமரா கூடாது என்பது. நம் படித்துறைகளிலும் அருவிகளிலும் இல்லாதது அதுதான். 2024 டிசம்பரில் ராமேஸ்வரம் அக்னி தீர்த்தம் அருகே தனியார் உடை மாற்றும் அறையில் ரகசிய கேமரா சிக்கி, இருவர் கைதானது நினைவிருக்கும். முழுக்க உடுத்தி, கடலில் முங்கி, ஈரம் மாற்றப் போன பெண்கள் அவர்கள்.

இப்படி எடுப்பது பாரதிய நியாய சன்ஹிதா 77-வது பிரிவில் வரும். முதல் முறைக்குக் குறைந்தது 1 வருஷம், அதிகபட்சம் 3 வருஷம் சிறை. மறுபடி சிக்கினால் 3 முதல் 7 வருஷம். ஐ.டி. சட்டம் 66இ தனியாக உண்டு. உடை மாற்றும் அறைக்குள் போனதும் ஹூக், பிளக் பாயின்ட், சுவர் ஓட்டை, கண்ணாடி, மேல்கூரை இடுக்கு ஆகியவற்றை ஒருமுறை பார்த்துவிடுங்கள். சந்தேகமாக எதாவது இருந்தால் கையால் தொட வேண்டாம், அது சாட்சியம். கதவைச் சாத்திவிட்டு 100 அல்லது பெண்கள் உதவி எண் 181-க்கு அழைக்கலாம். படம் ஏற்கெனவே பரவிவிட்டது தெரிந்தால் 1930 அல்லது தேசிய சைபர் குற்றப் புகார் தளம்.

ஐரோப்பா டூரில் நேச்சுரிஸ்ட் பீச் பக்கம் தெரியாமல் போய்விட்டால்? பதற வேண்டாம். பல பீச்களில் எல்லையில் போர்டு இருக்கும், ஜெர்மனியில் ‘எஃப்கேகே’ என்ற மூன்றெழுத்து. உடுத்தியபடி அந்தப் பக்கமாக நடந்து கடந்து போவதை பெரும்பாலும் யாரும் கண்டுகொள்வதில்லை. போனை மட்டும் பைக்குள் வைத்துவிடுங்கள்.