மாமாவின் படகும் என் பேக்ஹேண்டும்

"நல்லா ஆடினீங்க அங்கிள்!"

11-3, 11-2, 11-4 என்று என்னை அடித்து, துவைத்து, பிழிந்து, கொடியில் காயப் போட்ட பிறகு அந்தப் பையன் கை குலுக்கிச் சொன்ன வார்த்தை இது. தோற்றதுகூடப் பரவாயில்லை ஸார்... அந்த 'அங்கிள்'! எனக்கு வயது 39தான். மீசையில் இருக்கிற நாலு வெள்ளை முடியையும் வாராவாரம் கத்தரித்துவிடுகிறேன்.

எங்கள் ஆபீஸில் வருஷா வருஷம் டேபிள் டென்னிஸ் போட்டி உண்டு. மேஜை என்னவோ ஒன்றுதான். மத்தியானம் அதில் டிபன் பாக்ஸ்கள் ஆடும், சாயங்காலம் நாங்கள் ஆடுவோம். வலது மூலையில் ஒரு சாம்பார்க் கறை இருக்கிறது. அதில் பந்து விழுந்தால் எழுந்திருக்காது. அந்தக் கறையை நம்பியே ரொம்ப வருஷமாகக் காலிறுதி வரை வந்துகொண்டிருந்தேன். புதுசாக அக்கவுண்ட்ஸில் சேர்ந்த அந்த 23 வயசுப் பையன் கறையை எல்லாம் மதிக்கவில்லை. அவன் போட்டது டாப்ஸ்பின். பந்து மேஜையில் பட்டதும் நாய் துரத்தின மாதிரி சீறி நெஞ்சுக்கு வருகிறது. பேட்டை வைத்தால் கூரைக்குப் போகிறது.

மறுநாளே தெரிந்தவர் ஒருவர் மூலமாக சென்னையில் ஒரு பழைய ஆட்டக்காரரைப் பிடித்தேன். எழுபது வயதிருக்கும். என் ஆட்டத்தை ஐந்து நிமிஷம் பார்த்தார்.

"தம்பி, அவனோட நீங்க வேகத்துக்கு வேகம் போட முடியாது. உங்க வேகம் உங்களை விட்டுப் போயி பதினஞ்சு வருஷமாச்சு. பொறுமை இருக்கா?"

"தினமும் பொன்னேரியிலேர்ந்து எலெக்ட்ரிக் ட்ரெயின்ல வந்துட்டுப் போறேன் ஸார்."

"அப்ப இருக்கு. சாப் கத்துக்குங்க."

சாப் என்றால் வெட்டு. மேஜையை விட்டு ஆறிலிருந்து பத்து அடி பின்னால் போய், எதிராளி அடிக்கிற பந்தை விழ விட்டு, இடுப்புக்கும் தொடைக்கும் நடுவில் இறங்கும்போது அதன் அடிவயிற்றை பேட்டால் சீவி அனுப்புவது. பந்து பின்பக்கமாகச் சுழன்றுகொண்டே போகும். அதுதான் பேக்ஸ்பின்.

சின்ன வயசில் சைக்கிள் டயர் ஓட்டியிருக்கிறீர்களா? டயரை முன்னால் எறிந்து, விடும்போது கையால் பின்பக்கமாக ஒரு சுழற்று சுழற்றினால், கொஞ்ச தூரம் போய் யோசித்துவிட்டு நம்மிடமே திரும்பி வருமே... அதே சமாசாரம்தான். பேக்ஸ்பின் பந்து காற்றில் மிதந்து போகும். மேஜையில் பட்டதும் தயங்கும். எதிராளி வழக்கம்போல் பேட்டை வைத்தால் நேரே வலையில் போய் விழும். 'நான் சரியாத்தானே அடிச்சேன்?' என்று அவர் தன் பேட்டைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். உலகத்தில் அதைவிட இனிமையான காட்சி கிடையாது.

ஒரு காலத்தில் இந்தத் தற்காப்பு ஆட்டக்காரர்களின் ராஜ்யம்தான். 1936-ல் ப்ராக் நகரில் நடந்த உலகப் போட்டியில் போலந்தின் எர்லிச்சும் ருமேனியாவின் பானெத்தும் மோதினார்கள். இரண்டு பேருமே அடிக்க மாட்டேன் என்று பந்தைத் தள்ளிக்கொண்டே இருந்ததில், முதல் பாயிண்ட் முடிய இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று! (முதல் மேட்ச் அல்ல ஸார், முதல் பாயிண்ட்.) அப்புறம் ஆட்டத்துக்கு நேரக் கட்டுப்பாடு கொண்டு வந்தார்கள். இன்றைக்கு ஒரு கேம் பத்து நிமிஷத்தைத் தாண்டி, இரண்டு பேரும் சேர்ந்து 18 பாயிண்ட்கூட எடுக்கவில்லை என்றால் புது விதி வந்துவிடும். அதற்குப் பிறகு ரிசீவ் பண்ணுகிறவர் 13 முறை பந்தைத் திருப்பிவிட்டாலே பாயிண்ட் அவருக்கு.

அந்த ராஜ்யத்துக்கு ஆப்பு வைத்தது நம் பம்பாயில்தான். 1952 உலகப் போட்டிக்கு ஜப்பானின் ஹிரோஜி ஸாட்டோ, தடிமனான ஸ்பாஞ்ச் ஒட்டின பேட்டோடு வந்தார். பந்து பட்ட சத்தமே கேட்கவில்லையாம். பெரிய பெரிய ஆட்டக்காரர்கள் திகைத்து நிற்க, பட்டத்தை வாங்கிக்கொண்டு போய்விட்டார். அதற்குப் பின் ரப்பர் வேகமாயிற்று, அடி பலமாயிற்று, வெட்டுகிறவர்கள் குறைந்தார்கள். ஆனால் அழியவில்லை. 2003-ல் பாரீஸில் கொரியாவின் ஜூ ஸே ஹ்யுக், வெட்டி வெட்டியே உலகப் போட்டி ஃபைனல் வரை வந்து ஆஸ்திரியாவின் ஷ்லாகரிடம் தோற்றார். ஹூ யிங்சாவ் என்கிற சாப்பர் 2019-ல் சீனாவின் தேசிய சாம்பியன் ஆனார். டாப்ஸ்பின் ராட்சசர்கள் தெருவுக்குத் தெரு இருக்கும் சீனாவில்! அப்போது அவருக்கு வயது என்ன தெரியுமோ? 39. இதைக் கேட்டபோது என் முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்த்து, "ரொம்பக் கனவு காண வேண்டாம். அவர் சின்னக் குழந்தையிலேர்ந்து ஆடறவர்" என்றார் கோச்.

பேட்டில் பேக்ஹேண்ட் பக்கம் 'லாங் பிம்பிள்ஸ்' ரப்பர் ஒட்டிக் கொடுத்தார். முகம் முழுக்கப் பரு வந்த மாதிரி நீள நீளமாக ரப்பர் முளைகள். இவை பந்தைப் பிடிக்காது, வளைந்து கொடுத்து நழுவவிடும். அதனால் எதிராளி போட்ட சுழலே அவனுக்கு வினையாகத் திரும்பிப் போகும். அவன் எவ்வளவு டாப்ஸ்பின் போடுகிறானோ, அவ்வளவு பேக்ஸ்பின் அவனுக்கே! 2024-ல் பூசானில் நடந்த உலக அணிப் போட்டியில் நம் அய்ஹிகா முகர்ஜி, உலகின் முதலிடத்திலிருந்த சுன் யிங்ஷாவையும், ஸ்ரீஜா அகுலா, வாங் யிடியையும் திணறடித்து ஜெயித்தார்களே, அதில் இந்த மாதிரி வில்லங்க ரப்பர்களுக்கும் பங்கு உண்டு. (அவர்கள் சாப்பர்கள் இல்லை, மேஜையை ஒட்டி ஆடுகிறவர்கள். சீனாவிடம் இந்தியா அன்றைக்கு 2-3 என்று தோற்றதும் நிஜம்.)

சரி, ரப்பர் வந்தது. ஆட்டம்? ஒரு மாசம் நான் வெட்டின பந்துகளை மின்விசிறிதான் ஆடியது. கோச் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"தம்பி, பஸ்ஸுல டிக்கெட் வாங்கற மாதிரி நின்ன எடத்துலேர்ந்து கையை மட்டும் நீட்டறீங்க. இது கால் ஆட்டம்!"

வலது கைக்காரன் ஃபோர்ஹேண்டில் வெட்ட வேண்டுமானால் வலது கால் பின்னால் போக வேண்டும். பேக்ஹேண்டுக்கு இடது கால். கால் முதலில், கை அப்புறம். பேட் தோள் உயரத்திலிருந்து கீழேயும் முன்னேயும் இறங்கும்போது, உடம்பு எடையும் பின்காலிலிருந்து முன்காலுக்கு இறங்கி வர வேண்டும். வெட்டியதும் பழைய இடத்துக்கு ஓடி வந்துவிட வேண்டும். எதிராளி வலையோரம் சின்னதாகப் பந்தைப் போட்டால் பத்தடி முன்னால் பாய வேண்டும். இத்தனையிலும் முழங்கால் மடிந்தே இருக்க வேண்டும், தலை மேலும் கீழும் ஆடக் கூடாது.

"முட்டியை மட்டும் பத்திரமாப் பார்த்துக்குங்க" என்றவர், கொஞ்ச நேரம் வி. சந்திரசேகரைப் பற்றிப் பேசினார். மூன்று முறை தேசிய சாம்பியனான நம் சென்னைக்காரர். 1984-ல் முழங்கால் ஆபரேஷனுக்குப் போனவர் கோமாவில் விழுந்தார். மறுபடி நடக்க, பேசப் பழகி, கோச்சாகி, சத்தியன் போன்றவர்களை உருவாக்கினார். 2021-ல் கொரோனாவில் போய்விட்டார். "சந்துரு காலை மாதிரி ஒரு காலை நான் பார்த்ததில்லை" என்று நிறுத்திக்கொண்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பழவேற்காட்டுக்குப் போனேன். என் அம்மா பிறந்த ஊர் அங்கே ஏரியோரக் குப்பம் ஒன்று. தாய்மாமா இன்னும் அங்கேதான் இருக்கிறார். 67 வயது. பொன்னேரியிலிருந்து பஸ் ஏறினால் முக்கால் மணி நேரம். ஆனாலும் நான் போவது வருஷத்துக்கு நாலு தடவை, அதுவும் இறால் வாங்க. (சிரிக்காதீர்கள். நீங்களும் உங்கள் மாமா வீட்டுக்கு எதற்குப் போகிறீர்கள் என்று யோசித்துப் பாருங்கள்.)

கரையில் நின்று மாமாவுக்கு என் சாப்பைச் செய்து காட்டினேன். பீடியை எடுக்காமலே பார்த்தார்.

"இன்னாடா மாப்ள, கொசு ஓட்றியா?"

விளக்கினேன். திரும்பச் செய்து காட்டினேன்.

"கை நல்லாத்தான் போவுது. காலைப் பொன்னேரியிலயே வுட்டுட்டு வந்துட்டியா?"

எனக்குச் சுருக்கென்றது. எங்கள் வம்சத்தில் படகில் நிற்கத் தெரியாத ஒரே ஆண்பிள்ளை நான்தான். அம்மாவின் உத்தரவு அது. "படகுல கால் வெச்சே, ஒடிச்சிடுவேன்" என்று சொல்லியே பொன்னேரியில் பள்ளிக்கூடத்தில் தள்ளி, ஆபீஸ் நாற்காலி வரைக்கும் கொண்டுவந்து உட்கார வைத்துவிட்டுத்தான் ஓய்ந்தாள். என் மாமா பையன்கள் வலை பின்னிய வயசில் நான் வாய்ப்பாடு ஒப்பித்துக்கொண்டிருந்தேன்.

மாமா பீடியை அணைத்தார். "அக்கா வேணாம்னிச்சு, அதான் ஒனக்குக் கத்துக் குடுக்கல. அக்கா போயி ஆறு வருசம் ஆச்சு... ஏறு."

ஏறினேன். எழுந்து நின்றேன். மூன்றாவது விநாடி தண்ணீரில் இருந்தேன். பழவேற்காடு ஏரி பரப்பில்தான் பெரிசு, ஆழம் பல இடங்களில் இடுப்பளவுதான் என்பதால் இந்தக் கட்டுரை உங்களுக்குக் கிடைத்திருக்கிறது. பக்கத்துப் படகிலிருந்த பொடியன் விழுந்து விழுந்து சிரித்தான். மாமா சிரிக்கவில்லை.

"முட்டியைப் பூட்டிக்கினு நின்னா தள்ளத்தான் செய்யும். படகு எங்க போவுதோ கூடப் போ. தலையை மட்டும் ஆட்டாத."

கோச் சொன்ன அதே வார்த்தை! தூரத்தில் பூநாரைகள் ஒற்றைக் காலில் நின்று என்னை வேடிக்கை பார்த்தன.

அப்புறம் மாமா வீச்சுவலையை எடுத்தார். பாதி வலை தோளில், பாதி கையில். கால்களை அகட்டி, முழங்கால் மடித்து, இடுப்பைத் திருப்பினார். எடை பின்காலில் உட்கார்ந்தது தெரிந்தது. தண்ணீரில் எதுவோ நெளிந்தது. "மாமா, மீனு!" என்று கத்தினேன். அவர் வீசவில்லை. ஒரு மூச்சு பொறுத்தார். பிறகுதான் வீசினார். வலை முழு வட்டமாக விரிந்து, ஓரத்து ஈயக் குண்டுகள் எல்லாம் ஒரே நேரத்தில் 'சர்ர்ர்' என்று தண்ணீரில் இறங்கின. உள்ளே நாலைந்து மடவை.

"பாத்தவுடனே வீசினா அது ஓடிப்பூடும். வர்ற வரைக்கும் வுடணும்."

நான் வீசினபோது வலை வாழைப்பழத் தோல் மாதிரி விழுந்தது. அடுத்த வாரமும் அப்படியே. ஆனால் மூன்றாவது வாரம் படகில் அரை மணி நேரம் விழாமல் நின்றேன். வீட்டு மொட்டை மாடியில் சாக்பீஸால் கால் தடம் வரைந்து, தினம் காலையில் 20 நிமிஷம் பந்தில்லாமலே பின்னும் முன்னும் போய் வந்தேன். "வெங்காயம் நறுக்கச் சொன்னா நேரமில்லே. காத்தை நறுக்க மட்டும் நேரமிருக்கு" என்றாள் மனைவி. பொன்னேரி பிளாட்பாரத்தில் ஒருநாள் என்னையறியாமல் இடது காலைப் பின்வைத்து வெட்டியதில், பக்கத்தில் நின்ற பூக்காரம்மா கூடையோடு நாலடி நகர்ந்தார்.

நாலு மாசத்தில் மின்விசிறிக்கு விடுதலை கிடைத்தது. பந்து இறங்கும் வரை காத்திருக்க வந்துவிட்டது. காத்திருக்க நேரம் கொடுத்தது கால்தான்.

இந்த வருஷப் போட்டி. அதே பையன், அரையிறுதி. முதல் பந்தே டாப்ஸ்பின். பின்னால் போனேன், விழவிட்டேன், வெட்டினேன். அவன் அடித்தது வலையில். மறுபடி அடித்தான். மறுபடி வலை. பேட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான் ஸார்! முதல் இரண்டு கேம் எனக்கு. டெஸ்பாட்ச் செக்ஷனே நாற்காலி மேல் ஏறி நின்றது.

மூன்றாவது கேமுக்கு முன்னால் அவன் நண்பன் காதில் ஏதோ சொன்னான். பையன் அடிப்பதை நிறுத்தி, சுழலே இல்லாமல் மெதுவாகத் தள்ள ஆரம்பித்தான். என் ரப்பரின் ரகசியமே அவன் கொடுக்கிற சுழலில்தானே இருக்கிறது? அவன் கொடுக்காவிட்டால் நான் எதைத் திருப்பிக் கொடுப்பது? என் வெட்டு வெறும் உருண்டையாகப் போக, அதைச் சாத்தினான். நடுநடுவே வலையோரம் சின்னப் பந்து. பத்தடி முன்னால், பத்தடி பின்னால்... மூன்றும் நாலும் அவனுக்கு. ஐந்தாவதில் 9-9 வரை இழுத்தேன். 11-9.

கை குலுக்கினான். மூச்சு வாங்கியது அவனுக்கும்தான். "ஸார், அந்தக் கட் எப்படி எடுக்கிறீங்க?" என்றான். கவனித்தீர்களா... ஸார்!

ராத்திரி மாமாவுக்குப் போன் போட்டேன்.

"இன்னாடா, கெலிச்சியா?"

"இல்ல மாமா. ரெண்டு பாயிண்ட்ல போச்சு."

"கால் நின்னுச்சா?"

"நின்னுச்சு மாமா."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பீடி பற்ற வைத்திருப்பார்.

"சரி, ஞாயித்துக்கெழம விடியக்காலம் வந்துடு. வலையை நீ போடு. எனக்கு முட்டி வலிக்குது."