சாக்ரடீஸ் சொன்னாரா?

பல்லாவரம் தெருமுனைக் கூட்டமானாலும் தாம்பரத்துக் கல்லூரிப் பேச்சுப்போட்டியானாலும், 'அன்றே சொன்னான் சாக்ரடீஸ்' என்று முடித்தால் கைத்தட்டல் உறுதி. அப்படி அதிகம் எடுத்தாளப்படுவது, உன்னை நீ அறிந்துகொள் என்ற அறிவுரை. தமிழர் காதில் அதைச் சாக்ரடீஸ் பெயரோடு சேர்த்துப் பதித்ததில் 1956-இல் வந்த 'ராஜா ராணி' படத்துக்குப் பெரும் பங்குண்டு. கருணாநிதியின் வசனத்தில் சிவாஜி கணேசன் சாக்ரடீஸாகவே நின்றார். ஆனால் அந்த அறிவுரை சாக்ரடீஸுக்கு முந்தியது. டெல்பி நகரத்து அப்பல்லோ கோயிலில் பொறித்திருந்தது. பிளேட்டோவின் 'புரோட்டகோரஸ்' நூலில் சாக்ரடீஸே அதைத் தேலீஸ், சோலோன் முதலிய ஏழு அறிஞர்களின் காணிக்கை என்கிறார்.

பெயர் மாறுவதைவிடப் பொருள் மாறுவது மோசம். ஓட்டுப் போடாமல் ஒதுங்குகிறவனைக் கெட்டவர்கள் ஆள்வார்கள் என்று பிளேட்டோ எச்சரித்ததாகத் தேர்தல்தோறும் கேட்கிறோம். 'குடியரசு' நூலின் முதல் பகுதியில் அதற்கு மூலமான இடம் இருக்கிறது. அங்கே வாக்காளர் பேச்சே இல்லை. பணத்துக்கும் புகழுக்கும் ஆசைப்படாத நல்லவர்கள் ஏன் பதவி ஏற்க வேண்டும் என்பதே கேள்வி. மறுத்தால் தம்மைவிடத் தாழ்ந்தவனால் ஆளப்படும் தண்டனை கிடைக்கும், அதற்கு அஞ்சியே ஏற்கிறார்கள் என்பது பதில். மக்களாட்சியை நம்பாத பிளேட்டோவை நாம் வாக்குச்சாவடிக்கு ஆள் சேர்க்க அழைத்துக்கொண்டிருக்கிறோம்.

கருத்து நல்லதென்றால் யார் சொன்னால் என்ன என்று கேட்கலாம். நியாயம்தான், அப்படியானால் பெயரே வேண்டாமே. மேடையில் பெயரைச் சொல்வது, மேற்கொண்டு யாரும் கேள்வி கேட்காதிருக்கத்தான். அமெரிக்கத் தளபதி மெக்கார்தர் 1962-இல் வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரியில், போரின் முடிவைக் கண்டவர்கள் இறந்தவர்கள் மட்டுமே என்ற கருத்தைப் பிளேட்டோ பெயரில் சொன்னார். பிளேட்டோவின் நூல்களில் அது இல்லை. தத்துவ அறிஞர் சாந்தயானாவின் 1922-இல் வெளியான நூலில் இருக்கிறது.

மேடையில் இதையெல்லாம் சரிபார்க்க நேரமேது என்பார்கள். குறளுக்கு அதிகாரமும் எண்ணும் மனப்பாடமாகச் சொல்லும் பேச்சாளர்கள் நம்மவர்கள். பிளேட்டோவுக்கும் எண் உண்டு. 1578-இல் ஸ்டெஃபானஸ் அச்சிட்ட பதிப்பின் பக்க எண்களை இன்றைய தரமான மொழிபெயர்ப்புகள் ஓரத்தில் தருகின்றன. மேலே சொன்ன பதவி பற்றிய இடம் 347. ஏழு அறிஞர் பற்றியது 343. கல்லூரிப் பேச்சுப்போட்டி நடுவர்கள் இனி அந்த எண்ணைக் கேட்கத் தொடங்கலாம்.