வேலி அடைக்கும் வேலை கணினிக்கும் உண்டு

2009ஆம் ஆண்டு தை மாதம் தர்மபுரத்தை விட்டுப் புறப்பட்டபோது என் கையில் இருந்தவை பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்களும் கடையின் கடன் கொப்பியும்தான். கொப்பி வழியில் எங்கோ தொலைந்துபோனது. மீளக்குடியேறிப் பரந்தன் - முல்லைத்தீவு வீதியோரம் மறுபடி கடை திறந்தபோது, யார் எவ்வளவு தரவேண்டும் என்பதற்கு ஒரு தாளும் என்னிடம் இருக்கவில்லை. அதனால்தான் கணினி வாங்கியதும் கடன் கணக்கு முழுவதையும் அதில் பதிந்தேன். இனி அது தொலையாது என்று நம்பினேன்.

ஒருநாள் காலை கடையைத் திறந்தபோது திரையில் கணக்கு இல்லை. காசு கேட்டு ஓர் அறிவித்தல் மட்டும் நின்றது. கோப்புகள் அனைத்தும் பூட்டப்பட்டிருந்தன. கணினி படித்த என் பெறாமகள் ஓடிவந்து பார்த்தாள்.

"பெரியம்மா, இதுக்கு எவ்வளவு காலமா அப்டேற் போடேல்லை?"

"அது வியாபார நேரத்திலை வந்து மினக்கெடுத்துது பிள்ளை. நான்தான் நிப்பாட்டச் சொன்னனான்."

பிழை என்னுடையதே. மென்பொருளில் ஓட்டைகள் இருப்பது பின்னர்தான் தெரியவரும். அதைச் செய்த நிறுவனம் ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை அனுப்பும். கறையான் அரித்த கிடுகை மாற்றி வேலி அடைப்பது போன்றதே இது. அடைக்காத பொட்டுக்குள்ளால்தான் மாடு வரும்.

2017ஆம் ஆண்டு மார்ச் 14இல் மைக்ரோசொப்ற் நிறுவனம் விண்டோஸின் ஓர் ஓட்டைக்குத் திருத்தம் வெளியிட்டது. மே 12இல் 'வன்னாக்கிறை' என்ற நச்சுநிரல் அதே ஓட்டையால் நுழைந்தது. 150 வரையான நாடுகளில் 2 இலட்சத்துக்கு மேற்பட்ட கணினிகள் பாதிக்கப்பட்டன. இரண்டு மாத காலம் இருந்தும் பலர் திருத்தத்தைப் போடவில்லை. நம் நாட்டிலும் 2023இல் அரச மின்னஞ்சல் சேவை இவ்வாறு தாக்கப்பட்டு, மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் இழக்கப்பட்டன. அங்கும் பழைய மென்பொருளே பயன்பாட்டில் இருந்தது.

என் கடையிலும் விசுவமடுவில் தங்கையின் கடையிலுமாக எங்களிடம் மூன்று கணினிகள். பெறாமகள் முதலில் அவற்றை ஒரு தாளில் எழுதினாள். எது எங்கே, எந்த விண்டோஸ், யார் பாவிக்கிறார்கள் என்ற விபரம் வேண்டும். விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்ரோபர் 14உடன் முடிந்துவிட்டது என்பதை அப்போதுதான் அறிந்தேன். பழையது ஒன்றை மாற்ற வேண்டியிருந்தது.

பிறகு திருத்தங்கள் தாமாகவே இறங்கும்படி செய்தாள். கடை நடக்கும் நேரத்தைக் கணினிக்குச் சொல்லிவைத்தால் அந்த நேரத்தில் அது தானாக நின்று தொடங்காது. மாதத்தின் இரண்டாவது செவ்வாய் இரவில்தான் விண்டோஸ் திருத்தங்கள் நமக்கு வரும். நானோ கடை பூட்டும்போது மெயின் சுவிச்சையே நிறுத்திவிடுவேன். கணினிக்கு மின்சாரம் இல்லாவிட்டால் இரவில் எதுவும் நடவாது. இப்போது அந்தக் கிழமையில் இரண்டு இரவுகள் கணினியை ஓடவிடுகிறேன்.

தானியங்கி என்றதும் எல்லாவற்றையும் அதனிடம் விடவும் கூடாது. 2021 யூலையில் சுவீடனின் 'கூப்' அங்காடிகள் 800 வரையில் பெரும்பாலானவை பூட்டப்பட்டன. கணினிகளைத் தூரத்திலிருந்து பராமரிக்கும் மென்பொருள் வழியாகவே தாக்குதல் வந்து, காசுப் பொறிகள் நின்றுபோயின. 2024 யூலை 19இல் 'கிறவுட்ஸ்ரைக்' நிறுவனம் அனுப்பிய பிழையான இற்றைப்படுத்தல் 85 இலட்சம் வரையான கணினிகளை முடக்கியது. அதனால் நாங்கள் முதலில் ஒரு கணினிக்கு மட்டும் திருத்தத்தை விடுகிறோம். நாலைந்து நாள் பார்த்து, பில் ஒழுங்காக அடித்தால் மற்றவற்றுக்கும் விடுகிறோம். பராமரிப்புக்கான கடவுச்சொல் எங்கள் இருவரிடம் மட்டுமே உண்டு.

சகோதரிகளே, பூட்டப்பட்ட கணக்கு மீளவே இல்லை. ஆனால், வாடிக்கையாளரில் பலர் தாமாகவே வந்து தம் கடனைச் சொன்னார்கள். அவர்களில் அநேகர் என்னைப்போல் தனித்துக் குடும்பம் சுமக்கும் பெண்கள். அவர்களின் நேர்மைதான் கடையைக் காத்தது. அதற்கு நான் செய்யும் கைம்மாறு, அவர்களின் கணக்கைக் கவனமாகக் காப்பதே. ஒவ்வொரு வெள்ளியும் அதை ஒரு பென்டிறைவில் பிரதிசெய்து கழற்றி வைக்கிறேன். ஒரு பிரதியைத் தாளிலும் அச்சிடுகிறேன். அந்தத் தாள், பிறப்புச் சான்றிதழ்கள் இருக்கும் அதே பையில் இருக்கிறது.