புற்றுநோயின் வேரைத் தேடி

வயலில் கோரைப்புல் மண்டிக் கிடக்கிறது. அரிவாளால் அறுத்தெறிந்து, நிலம் துப்புரவாயிற்று என மகிழ்கிறோம். சில நாள் கழித்துப் பார்த்தால் மீண்டும் கோரை! மண்ணுக்குள் கிடந்த சிறு கிழங்கை அரிவாள் தீண்டவேயில்லை. பெருங்குடற் புற்றுநோயிலும் இத்தகைய நிலையைக் கண்டு கலங்கிய குடும்பங்கள் பல. மருந்தினால் கட்டி சுருங்குகிறது; நோயாளி தேறுகிறார்; இல்லத்தில் நன்றி மன்றாட்டு எழுகிறது. ஓரிரு ஆண்டுகளில் நோய் மறுபடியும் தலைகாட்டுகிறது. இது ஏன்?

விடை காண முதலில் நலமான குடலை நோக்குவோம். பெருங்குடலின் உட்சுவரில் கண்ணுக்குப் புலப்படாத நுண்குழிகள் மிகப் பல உள்ளன. ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 2,000 உயிரணுக்கள் இருக்கின்றன. அவற்றுள் குழியின் அடியில் வாழும் மிகச் சிலவே 'ஸ்டெம் செல்' எனப்படும் குருத்தணுக்கள். இவை ஈனும் உயிரணுக்கள் படிப்படியாக மேலேறி, சில நாள்களில் முதிர்ந்து உதிர்ந்துவிடுகின்றன. குருத்தணுவோ அடியிலேயே தங்கிப் புதியனவற்றைத் தந்துகொண்டிருக்கும்.

'ஸ்டெம் செல்' என்றதும் நம் வாசகருள் சிலர் துணுக்குறக்கூடும். மனிதக் கருவை அழித்துப் பெறும் செல்களைத் திருச்சபை ஏற்பதில்லை என்பதை அறிவோம். இங்கே கூறப்படுபவை அவையல்ல. வளர்ந்த மனிதரின் குடலிலேயே உள்ளவை. வளர்ந்தோர் உடலிலிருந்து, அவருக்குப் பெருந்தீங்கு நேராவண்ணம், குருத்தணுக்களைப் பெறுவது முறையானதே என 2008-இல் வத்திக்கான் வெளியிட்ட 'டிக்னித்தாஸ் பெர்சோனே' ஏடு தெளிவுறுத்துகிறது.

கட்டியிலும் இத்தகைய வேர் அணுக்கள் சில ஒளிந்திருந்து, ஏனையவற்றை ஈனுகின்றனவோ என்னும் ஐயம் அறிஞர்களுக்கு எழுந்தது. 1994-இல் கனடாவின் டொரான்டோ நகரில் ஜான் டிக் குழுவினர் இரத்தப் புற்றுநோயில் இதற்குச் சான்று கண்டனர். பெருங்குடற் புற்றுநோயைக் குறித்து 2007-இல் டொரான்டோவிலும் உரோமையிலும் இரு குழுக்கள், சி.டி. 133 என்னும் புரதத்தை அடையாளமாகக் கொண்டு அத்தகைய அணுக்களைப் பிரித்தன.

2009-இல் எமினா ஹுவாங், மாக்ஸ் விச்சா, புரூஸ் போமன் முதலிய அமெரிக்க ஆராய்ச்சியாளர் வேறோர் அடையாளத்தைக் காட்டினர். அது ஒரு நொதி. 'ஆல்டிஹைடு டிஹைட்ரோஜினேஸ் 1' என்பது அதன் பெயர். உயிரணுவில் தோன்றும் நச்சுத்தன்மையுள்ள ஆல்டிஹைடுகளை அமிலங்களாக மாற்றுவது இதன் பணி. புற்றுநோய் மருந்துகள் சிலவற்றையும் இந்நொதிக் குடும்பம் செயலிழக்கச் செய்யவல்லது. ஆதலால் இஃது அடையாளமாக மட்டுமன்றிக் கேடயமாகவும் விளங்கக்கூடும்.

சோதனை செய்யும் விதம் நயமானது. கட்டியின் உயிரணுக்களைத் தனித்தனியாகப் பிரித்து, ஒருவகை ஒளிரும் பொருளை அவற்றுள் செலுத்துவர். நொதி மிகுந்த அணுவில் அப்பொருள் மாற்றமுற்று, வெளியேற இயலாது தேங்கும். லேசர் ஒளி பட்டதும் அவ்வணு சுடர்விடும். சுடர்ந்தவற்றையும் சுடராதவற்றையும் கருவி பிரித்துவிடும். நோய் எதிர்ப்பாற்றல் அற்ற சுண்டெலிகளுக்குள் இவற்றைச் செலுத்தியபோது, சுடர்ந்த அணுக்கள் வெறும் 25 இருந்தாலும் கட்டி தோன்றிற்று. சுடராதவை கட்டியை உண்டாக்கவில்லை.

மற்றொன்றும் தெரிய வந்தது. நலமான குடலில் இந்நொதியுடைய அணுக்கள் குழியின் அடியில் மட்டுமே அரிதாய் உள்ளன. பரம்பரையாகக் குடலில் நூற்றுக்கணக்கான சதைமுளைகள் தோன்றும் நோயுடையோரிடமோ, அவை எண்ணிக்கையில் பெருகி மேல்நோக்கிப் பரவியிருந்தன. புற்றுநோய் உருவாகு முன்னரே வேர் பெருகத் தொடங்குகிறது என்பதே இதன் பொருள்.

அப்படியாயின் அந்நொதியைத் தாக்கி நோயை ஒழித்துவிடலாமே என்று தோன்றும். ஆயின் நலமான குருத்தணுவும் அதே நொதியைத் தாங்கியுள்ளது; பகைவனுக்கென விடும் அம்பு நம்மவரையும் தைக்கும். மேலும், 2017-இல் டோக்கியோவின் கெய்யோ பல்கலைக்கழகத்தில் டோஷிரோ சாட்டோ குழுவினர், வேறோர் அடையாளமுடைய வேர் அணுக்களைச் சுண்டெலிகளில் இருந்த கட்டிகளினின்று அழித்தனர். கட்டிகள் சுருங்கின, ஆனால் எஞ்சிய சாதாரண அணுக்களே மீண்டும் வேர் அணுக்களாக மாறிக் கட்டியை வளர்த்தன! எனவே இந்நொதிச் சோதனை இன்னும் ஆய்வுக்கூடத்திலேயே உள்ளது. நோயாளிகளுக்கு வழக்கமாகச் செய்யப்படுவதில்லை.

ஆயினும் இவ்வாராய்ச்சி நம் குடும்பங்களுக்கு ஓர் உண்மையை உணர்த்துகிறது. கட்டி சுருங்கியது கொண்டு நோய் தீர்ந்ததென முடிவு கட்டலாகாது; மருத்துவர் குறித்த நாள்களில் மறு பரிசோதனைக்குச் செல்லுதல் வேண்டும். மலத்தில் இரத்தம் கண்டால் மூலம் என்று நாமே தீர்மானித்து நாட்டு மருந்தோடு நின்றுவிடலாகாது. காரணம் புரியாத இரத்தசோகை, நெடுநாள் நீடிக்கும் மலப்போக்கு மாற்றம் ஆகியவற்றையும் மருத்துவரிடம் கூறுவோம். பெற்றோருக்கோ உடன்பிறந்தோருக்கோ இந்நோய் வந்திருப்பின் அதை மறையாது சொல்வோம். குடலுள் நோக்கும் கருவியால் சதைமுளையை முளையிலேயே அகற்ற இன்று வழியுண்டு. கூச்சத்தினால் அவ்வழியை நாமே அடைத்துக்கொள்ளலாமா?